போனில் ஓடும் வைஃபை லேப்டாப்பில் மட்டும் ஏறவில்லையா? ரீசெட் ஊசியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் எல்லார் போனிலும் நெட் ஓடுகிறது. லேப்டாப் மட்டும் வைஃபையில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இந்த நேரத்தில் பலரும் செய்வது, ரவுட்டரின் பின்பக்கம் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்துவது. அதை மட்டும் செய்யாதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உள்ளூர் கேபிள்காரர் வழியாக வரும் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில், லைனில் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர் நேம், பாஸ்வேர்டு, வீலேன் எண் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் கையால் போட்டு வைத்ததாக இருக்கும். ஊசி பட்டதும் அத்தனையும் அழிந்துவிடும். அதுவரை லேப்டாப்பில் மட்டும் இல்லாத நெட், அப்புறம் வீட்டில் யாருக்கும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்துவிட்டால் திங்கள் மதியம் வரை கேபிள்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ரவுட்டர் சுவிட்சை அணைத்து 30 விநாடி கழித்துப் போடுவதில் எந்த ஆபத்தும் இல்லை. தாராளமாகச் செய்யலாம்.

முதலில் இரண்டு சோதனை

லேப்டாப்பில் ஒரு செட்டிங்கையும் தொடுவதற்கு முன், கையில் இருக்கும் போனை வைத்து இரண்டு சோதனை செய்யுங்கள். மொத்தமாக ஐந்து நிமிடம் ஆகும். சிக்கல் எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

முதல் சோதனை: போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் வைத்து ஏதாவது ஒரு புதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை அணைக்க மறந்தால் சோதனையே பொய்யாகிவிடும். வைஃபையில் நெட் இல்லை என்றால் போன் சத்தமில்லாமல் சிம்முக்கு மாறிக்கொள்ளும். நீங்கள் வைஃபை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது சோதனை: போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணையுங்கள். இங்கே வேகம் முக்கியமில்லை. வத்தல்மலை, சித்தேரி மாதிரி சிக்னல் தேடும் இடங்களில் ஹாட்ஸ்பாட்டில் பக்கம் திறக்காமலேகூட இருக்கலாம். 'கனெக்டெட்' என்று வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். ஹாட்ஸ்பாட் பெயரே லேப்டாப்பில் தெரியவில்லை என்றால், போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் பேண்டை, அதாவது வைஃபை பேசும் அலைவரிசையை, 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4 ஆக மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஐபோனில் இதற்கு 'மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்று பெயர்.

போனிலும் வீட்டு வைஃபை வேலை செய்யவில்லை, ஆனால் லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில் ஏறுகிறது என்றால் லேப்டாப் மேல் தப்பில்லை. லைனையும் ரவுட்டரையும் பாருங்கள். போன் வீட்டு வைஃபையில் ஓடுகிறது, லேப்டாப் ஹாட்ஸ்பாட்டிலும் ஏறவில்லை என்றால் லேப்டாப்பின் வைஃபை கார்டு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்றில்தான் கோளாறு. இரண்டும் தனித்தனியே நன்றாக இருந்து, இந்த ரவுட்டரும் இந்த லேப்டாப்பும் மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் அதுதான் ஆளைச் சுற்றவிடும் ரகம். கடைக்கு எடுத்துப் போனால் அங்கே நன்றாக வேலை செய்யும். வீட்டுக்கு வந்தால் வராது. அதை விரிவாகப் பார்ப்போம். முதலில் சுலபமானது.

லைன் பக்கம்: விளக்குகளைப் படிப்பது

ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் 'பான்', 'லாஸ்' என்று இரண்டு விளக்குகள் இருக்கும். பான் பச்சையாக நிலையாக எரிய வேண்டும். லாஸ் அணைந்திருக்க வேண்டும். லாஸ் சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்ட கேபிளைக் கரும்பு லாரியோ வைக்கோல் வண்டியோ இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், சாலை தோண்டும்போது அறுந்திருக்கலாம். லேப்டாப்பில் என்ன செய்தாலும் பலனில்லை. பான் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் எதிர்முனைக் கருவி உங்கள் பெட்டியைப் பதிவு செய்துகொள்ளவில்லை.

கேபிள்காரரைக் கூப்பிடும் முன் ஒன்று செய்யலாம். பெட்டிக்குள் போகும் மஞ்சள் அல்லது வெள்ளைக் கயிறு போன்ற ஃபைபர் எங்காவது கூர்மையாக மடங்கியிருக்கிறதா பாருங்கள். பீரோவை நகர்த்தும்போது பின்னால் நசுங்குவதும், மிச்ச நீளத்தை இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பதும் சர்வ சாதாரணம். வளையம் உள்ளங்கை அளவுக்குக் குறையக் கூடாது. பச்சை நிற முனையை நேராக வெளியே இழுத்து, மறுபடி 'டிக்' என்று சத்தம் வரும்வரை செருகுங்கள். முனையின் வெள்ளைப் பகுதியை விரலால் தொடாதீர்கள். கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

பெட்டியின் செட்டிங் பக்கத்தைப் பிரவுசரில் திறக்கத் தெரிந்தவர்கள் ஸ்டேட்டஸ் பகுதியில் 'ஆர்எக்ஸ் பவர்' என்ற எண்ணை, அதாவது வந்து சேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டிக் கீழே போனால் இணைப்பு அறுந்து அறுந்துதான் வரும். "நெட் வரலைண்ணா" என்று சொல்வதைவிட "ஆர்எக்ஸ் மைனஸ் 29 காட்டுதுண்ணா" என்று சொன்னால், வருகிற ஆள் சரியான கருவியோடு வருவார்.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் தொல்லை என்றால் வரிசையைப் பாருங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருக்கும் வீடுகளில், ரவுட்டர் சீக்கிரம் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி பதிவாகி முடிக்க சில நிமிடம் பிடிக்கும். இடையில் லேப்டாப் ஏறினால் 'நோ இன்டர்நெட்' என்று பிடித்துக்கொள்ளும். இரண்டையும் அணைத்து, முதலில் ஃபைபர் பெட்டியைப் போட்டு, பான் நிலையான பிறகு ரவுட்டரைப் போடுங்கள். ரவுட்டர் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து அணைந்து, மறுபடி எரிந்து அணைந்து கொண்டிருந்தால் ரவுட்டர் போய்விட்டது என்று அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் அடாப்டர்தான் தளர்ந்திருக்கும். அடாப்டர் மேல் எழுதியிருக்கும் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும்; பொதுவாக 12 வோல்ட். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் போடலாம், 0.5 ஆம்பியர் போட்டால் லோடு ஏறும்போது விழுந்துவிடும். பின்னின் தடிமனும், படத்தில் போட்டிருக்கும் பிளஸ் மைனஸ் அமைப்பும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, சொல்லவே கூச்சமானது: ரீசார்ஜ் முடிந்துவிட்டதா? விளக்கு எல்லாம் பச்சையாக எரிய, எந்தப் பக்கமும் திறக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

லேப்டாப்பும் நன்று, ரவுட்டரும் நன்று, சேரவில்லை

இங்கே முதல் கேள்வி: லேப்டாப்பின் வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டு வைஃபை பெயர் தெரிகிறதா, இல்லையா?

பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் தெரிந்து உங்களுடையது மட்டும் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் 5 கிகாஹெர்ட்ஸ் மேல் விழ வேண்டும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் வீட்டுக்கு வீடு இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் வைஃபை கார்டுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் அந்தக் கார்டைப் பொறுத்தவரை இல்லாத ஒன்று. புது ரவுட்டர் மாட்டியவர் வேகம் வேண்டும் என்று 2.4-ஐ அணைத்துவிட்டுப் போயிருந்தால், லேப்டாப்புக்கு எதுவுமே தெரியாது. போனில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து 2.4-ஐப் போடுங்கள். ரவுட்டர் முகவரி அதன் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ பெட்டிகளில் 192.168.29.1.

2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் 'ஸ்மார்ட் கனெக்ட்' வசதி பழைய லேப்டாப்களை அலைக்கழிக்கும். அதை அணைத்து இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். 2.4-இன் பெயர் கடைசியில் ஒரு 2, மற்றதன் கடைசியில் ஒரு 5. பழைய லேப்டாப்பை 2-இல் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

அடுத்தது சேனல், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் எண் போட்ட பாதை. இந்தியாவில் 2.4-இல் 13 சேனல் வரை அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த லேப்டாப் சிலவற்றுக்கு 11 வரைதான் கண் தெரியும். ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்து 12 அல்லது 13-க்குத் தாவிய நாளில் வைஃபை மாயமாகும், மறுநாள் தானே திரும்பும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிலையாக வையுங்கள். ஓசூர் அடுக்குமாடிகளில் எது காலி என்று பார்த்து வைக்க வேண்டும்; வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்று போனில் இருந்தால் போதும். காவேரிப்பட்டினம் பக்கத்துத் தோப்பு வீட்டில் எதை வைத்தாலும் ஒன்றுதான்.

5-இல் ரவுட்டரை அணைத்துப் போட்ட உடனே பெயர் தெரியவில்லை என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். 52 முதல் மேலே உள்ள சில சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் 60 விநாடி காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேச ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. 36 முதல் 48 வரை வைத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.

இன்னொரு ரகம் கொஞ்சம் நுணுக்கமானது. லேப்டாப் இரண்டு பேண்டும் பிடிக்கும், பழைய ரவுட்டரில் நன்றாக ஓடியது, வைஃபை 6 ரவுட்டர் வந்ததும் பெயரே தெரியவில்லை. இன்டெல் வைஃபை கார்டு உள்ள லேப்டாப்களில் பழைய டிரைவர் இருந்தால் இது நடக்கும். புது ரகச் சிக்னலை அந்த டிரைவரால் படிக்க முடியாமல் பட்டியலிலிருந்தே விட்டுவிடும். கார்டு கெட்டுவிட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு. டிரைவரைப் புதுப்பித்தாலே போதும். அதுவரை ரவுட்டரில் வயர்லெஸ் மோடை 'ஏஎக்ஸ்' (வைஃபை 6-இன் இன்னொரு பெயர்) இல்லாததாக மாற்றி வைக்கலாம்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு போட்டால் 'கான்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்' என்கிறது. இதற்கு முதல் வேலை, பழைய நினைவை அழிப்பது. ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் லேப்டாப் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்று போய் உங்கள் பெயருக்கு எதிரே 'ஃபர்கெட்' அழுத்துங்கள். பிறகு புதிதாக இணையுங்கள். டைப் செய்யும்போது பக்கத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தி எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே அடியுங்கள். பூஜ்யமும் ஓ-வும், சின்ன எல்-லும் ஒன்றும் குழம்பும் பாஸ்வேர்டுகள்தான் ஸ்டிக்கரில் அச்சாகி வரும். ஏற்கெனவே ஏறியிருக்கும் போனில் வைஃபை 'ஷேர்' அழுத்தினால் கியூஆர் கட்டம் வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் அடியிலேயே பாஸ்வேர்டு எழுத்தாகவும் இருக்கும்.

பாஸ்வேர்டு சரி என்று உறுதியான பிறகும் ஏறவில்லை என்றால் ரவுட்டரில் செக்யூரிட்டி வகையைப் பாருங்கள். 'டபிள்யூபிஏ3' மட்டும் என்று இருந்தால் பழைய லேப்டாப் தொடவே முடியாது. 'டபிள்யூபிஏ2-பிஎஸ்கே', என்கிரிப்ஷன் 'ஏஇஎஸ்' என்று வையுங்கள். 'டிகேஐபி' என்ற பழைய வகை எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் இணைப்பு வந்தாலும் வேகம் 54 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறாது. ரவுட்டரில் பதிந்த கருவிகளை மட்டும் உள்ளே விடும் 'மேக் ஃபில்டர்' போட்டு வைத்திருக்கிறார்களா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். போட்டிருந்தால், லேப்டாப்பில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரவுட்டரில் பதிந்த முகவரி ஒன்று, லேப்டாப் காட்டுவது வேறொன்று என்றாகிவிடும்.

ஏறிவிட்டது, ஆனால் 'நோ இன்டர்நெட்'

வைஃபை அடையாளம் முழுசாக இருக்கிறது, 'நோ இன்டர்நெட், செக்யூர்டு' என்று எழுதுகிறது. இங்கே ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. வைஃபை செட்டிங்கில் உங்கள் இணைப்பின் 'ப்ராப்பர்டீஸ்' திறந்து 'ஐபிவி4 அட்ரஸ்' என்ன என்று பாருங்கள்.

அது 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டர் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கவே இல்லை; லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ரவுட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். ஆகவில்லை என்றால் ரவுட்டரில் முகவரி பங்கிடும் டிஹெச்சிபி வசதி போட்டிருக்கிறதா, எத்தனை முகவரி கொடுக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறது என்று பாருங்கள். யாரோ அதை 8 என்று வைத்திருந்து, வீட்டில் டிவி, கேமரா, ஆறு போன் என்று சேர்ந்துவிட்டால், கடைசியாக வரும் லேப்டாப்புக்கு இலை இருக்காது.

எண் 192.168 என்று ஆரம்பித்தாலும், போனில் காட்டுவதும் லேப்டாப்பில் காட்டுவதும் மூன்றாவது இடத்தில் வேறுபட்டால் (போனில் 192.168.1, லேப்டாப்பில் 192.168.0 என்பதுபோல) இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கல்லூரி விடுதியிலோ ஆபீசிலோ யாரோ கையால் போட்ட நிலையான ஐபி. 'ஐபி அசைன்மென்ட்' என்ற இடத்தில் 'மேனுவல்' என்று இருந்தால் 'ஆட்டோமேட்டிக்' ஆக மாற்றுங்கள். பர்கூர், செட்டிக்கரை கல்லூரி விடுதிகளிலிருந்து விடுமுறைக்கு வீடு வரும் லேப்டாப்களில் இதையும், இதற்கு அடுத்துச் சொல்லப்போகும் ப்ராக்ஸியையும் முதலில் பாருங்கள்.

இரண்டாவது காரணம், வீட்டில் இரண்டு ரவுட்டர். மேல்மாடிக்குச் சிக்னல் போகவில்லை என்று பழைய ரவுட்டரை எடுத்து ஃபைபர் பெட்டியின் லேன் துளையிலிருந்து ஒயர் இழுத்து மாட்டுவார்கள். இரண்டும் முகவரி கொடுக்கும் வேலையைச் செய்யும். லேப்டாப் யாரிடம் வாங்குகிறதோ, அவரிடம் வெளியே போக வழி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். போன்கள் சரியான ரவுட்டரைப் பிடித்துக்கொண்டதால் அவற்றில் நெட் வரும். இரண்டுக்குமே 192.168.1.1 என்று ஒரே முகவரி இருந்தால் குழப்பம் இன்னும் கெட்டியாகும். தீர்வு: இரண்டாவது ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதில் டிஹெச்சிபியை அணைத்து, ஒயரை 'வேன்' துளையிலிருந்து எடுத்து 'லேன்' துளையில் செருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்ய வேண்டும். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் அந்த ரவுட்டர் பக்கத்தைத் திறப்பதே கஷ்டமாகிவிடும்.

முகவரி எல்லாம் சரி, ஆனாலும் பக்கம் திறக்கவில்லை. ஸ்டார்ட்டில் 'சிஎம்டி' என்று தேடிக் கறுப்புத் திரையைத் திறந்து, பிங் என்று ஆங்கில எழுத்தில் அடித்து ஓர் இடைவெளி விட்டு 192.168.1.1 கொடுங்கள் (உங்கள் ரவுட்டர் முகவரி எதுவோ அது). பதில் சில மில்லிசெகண்டில் வந்தால் வீட்டுக்குள் சிக்கல் இல்லை. அடுத்து 8.8.8.8-க்குப் பிங் கொடுங்கள். அதுவும் வந்தால் வெளி உலகம் வரை வழி இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும்தான் உதைக்கிறது. வைஃபை 'ஹார்ட்வேர் ப்ராப்பர்டீஸ்' உள்ளே 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்', 'எடிட்', 'மேனுவல்', ஐபிவி4 போட்டு 8.8.8.8, அடுத்ததில் 1.1.1.1 கொடுத்துச் சேமியுங்கள்.

டிஎன்எஸ் மாற்றியும் பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் ப்ராக்ஸி, அதாவது நெட்டுக்கும் லேப்டாப்புக்கும் இடையில் நிற்கும் சர்வர். செட்டிங்ஸில் நெட்வொர்க் அடியில் 'ப்ராக்ஸி' திறந்து, 'யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்' போட்டிருந்தால் அணையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வந்து சேரும் ஆபீஸ் லேப்டாப்களில் இதைக் கம்பெனியே போட்டு வைத்திருக்கும். கூடவே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் விபிஎன் ஏறும்வரை மற்ற எதையும் விடாத அமைப்பும் இருக்கலாம். அட்மின் பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆபீஸ் ஐடி ஆளிடம் சொல்லுங்கள். கம்பெனி லேப்டாப்பில் குறுக்கு வழி தேடி நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பழைய லேப்டாப்பில் 'யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்று எல்லாப் பக்கமும் மிரட்டினால், வலது மூலையில் தேதியைப் பாருங்கள். வருடம் பத்துப் பன்னிரண்டு பின்னால் இருந்தால், தளங்களின் பாதுகாப்புச் சான்று எதுவும் செல்லுபடியாகாது. தேதியைச் சரிசெய்தால் உடனே திறக்கும். அணைத்துப் போட்டதும் மறுபடி பின்னால் போனால் உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பல மாடல்களில் அது சிஆர்2032 ரகம். சிலவற்றில் ஒயரோடு வரும், அதனால் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

லேப்டாப்பின் வைஃபையே காணோம்

வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் உருண்டை பூகோளம் இருக்கிறது, பட்டியலே வரவில்லை. முதலில் ஏரோப்ளேன் மோடு. எஃப்என் கீயோடு எஃப்2 அல்லது எஃப்12 போல ஆன்டெனா படமோ விமானப் படமோ போட்ட பட்டனை அழுத்திப் பாருங்கள். பழைய மாடல்களில் பக்கவாட்டில் தள்ளும் சுவிட்சே இருக்கும். பையில் போடும்போது நகர்ந்துவிடும்.

அடுத்து ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி போடுவது விண்டோஸில் முழு அணைப்பு இல்லை. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி டிரைவர் நிலையை அப்படியே சேமித்துவைத்துத் திரும்ப எழுப்பும். 'ரீஸ்டார்ட்'தான் சுத்தமாகத் தொடங்கும்.

அப்படியும் இல்லையென்றால் ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், 'டிவைஸ் மேனேஜர்', 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்'. இன்டெல், ரியல்டெக், குவால்காம், மீடியாடெக் என்று ஏதாவது ஒரு பெயரோடு வயர்லெஸ் கார்டு இருக்க வேண்டும். கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ அணைத்திருக்கிறார்கள்; வலது கிளிக் செய்து 'எனேபிள்'. மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் சிக்கல். ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் ஆரம்பித்தது என்றால் ப்ராப்பர்டீஸ், 'டிரைவர்', 'ரோல் பேக்' கொடுத்தால் பழையதுக்குப் போகும்.

டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற சுழலுக்கு வழி கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போனில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டையே லேப்டாப்புக்குக் கொடுக்கும். சிம் டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிளில் இது வராது. டிரைவரை லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். 'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று கூவும் தளங்கள் பக்கம் போகாதீர்கள்.

கார்டு பெயரே பட்டியலில் இல்லையா? லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிந்த பேட்டரியானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடிந்ததும் கார்டு உயிர்பெற்று வருவது நிறைய நடக்கிறது. வரவில்லை என்றால் கார்டு ஸ்லாட்டில் தளர்ந்திருக்கும் அல்லது செத்திருக்கும். மாற்ற மனமில்லை என்றால் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் கிடைக்கிறது. பழைய லேப்டாப்புக்கு அதுவே லாபம்.

ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் மட்டும் பிடித்து, இரண்டடி தள்ளினால் விடுகிறது என்றால், குறிப்பாக ஹிஞ்ச் மாற்றவோ ஸ்கிரீன் மாற்றவோ கடைக்குப் போய் வந்த பிறகு என்றால், கார்டில் மாட்டும் மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் கழன்றிருக்கின்றன. பொதுவாகக் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. கடலைப்பருப்பைவிடச் சின்ன உருண்டை முனை. நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும்.

தூங்கி எழுந்ததும் மட்டும் வைஃபை விடுகிறது என்றால் அதே டிவைஸ் மேனேஜரில் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் 'சேவ் பவர்' என்று முடியும் முதல் டிக்கை எடுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது.

இத்தனைக்கும் பிறகுதான் 'நெட்வொர்க் ரீசெட்'. விண்டோஸ் 11-இல் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்' கடைசியில் இருக்கும். 10-இல் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தின் அடியில். இது லேப்டாப்பை மட்டும் பாதிக்கும், ரவுட்டரைத் தொடாது. சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டும் விபிஎன் அமைப்பும் போய்விடும், அதனால் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒன்று: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மை. அதனால்தான் வைஃபை வரவில்லை என்று யாராவது சொல்லிப் புது லேப்டாப் விற்கப் பார்த்தால் நம்ப வேண்டாம்.

கருங்கல் சுவரும் தோப்பு வீடும்

கல் கிடைக்கும் ஊர் என்பதால் இந்தப் பக்கம் பழைய வீடுகளில் ஒன்றரை அடிக் கருங்கல் சுவர் சாதாரணம். 5 கிகாஹெர்ட்ஸ் அப்படி ஒரு சுவரைத் தாண்டவே திணறும்; 2.4 ஒன்றைத் தாண்டும், இரண்டாவதில் சோர்ந்துவிடும். ரவுட்டரோ வழக்கமாகக் கேபிள் நுழையும் மூலையில், பரண் மேல், இரும்புப் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். அதை நடு அறைக்கு, ஆள் உயரத்துக்குக் கொண்டுவந்தாலே பல 'லேப்டாப் கோளாறு'கள் காணாமல் போகும்.

வீட்டிலிருந்து தோப்புக் கொட்டாய்க்கு நெட் வேண்டும் என்றால் ரிப்பீட்டரில் காசு போடாதீர்கள். லேன் ஒயர் 100 மீட்டர் வரை எடுக்கலாம். வெளியில் போடுவதற்கான கேட் 6, முழுக்கச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தில் செம்பு பூசியது மலிவு, தூரம் போகாது. முனை அடிக்கும்போது நிற வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் இதே வரிசை. 1, 2, 3, 6 ஆகிய நான்கு மட்டும் சரியாகப் பட்டு மற்றது விட்டுப்போனால் இணைப்பு வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்-இல் நின்றுவிடும்.

ஆனால் திறந்த வெளியில் செம்பு ஒயர் இழுப்பதில் இடி ஆபத்து உண்டு. ஏப்ரல், மே கோடை மழையில் பக்கத்தில் எங்கோ விழும் இடிகூட அந்த நீண்ட ஒயரில் அதிர்ச்சியை ஏற்றி, ரவுட்டரின் லேன் துளையையும் அதில் செருகிய லேப்டாப்பையும் சேர்த்து எரித்துவிடும். 50 மீட்டருக்கு மேல் என்றால் உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிளும், இரண்டு முனையிலும் ஃபைபரை லேன் ஒயரோடு சேர்க்கும் மீடியா கன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் போடச் சொல்லுங்கள். இடி அதன் வழியே வராது. ஏற்கெனவே செம்பு போட்டாயிற்று என்றால், மேகம் கறுத்ததும் அடாப்டரை மட்டும் பிடுங்கினால் போதாது. லேன் ஒயரையும் இரண்டு பக்கமும் கழற்றி வையுங்கள்.